மெகாபோனுக்குச் சைலன்சர் போடுதல்

எங்கட ஊரில் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் முழுவதற்குமே பெயர் சைலன்சர். உள்ளே இருக்கிற தடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயில் வீதி அதிர ஓடுகிற பெடியனும் "சைலன்சர் மாத்திட்டன்" என்றுதான் சொல்லுவான். பழைய ரேஸ் மோட்டார் சைக்கிள்களை வைத்திருப்பவர்களிடம் இதற்கு நேரெதிரான ஒரு சொல் இருக்கிறது. குழாயின் முடிவில் விரிந்துகொண்டு போகும் கூம்பை அவர்கள் மெகாபோன் என்கிறார்கள். தேர்தல் காலத்தில் ஓட்டோவுக்கு மேலே கட்டுகிற லவுட்ஸ்பீக்கர் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். வடிவத்திலும் வேலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எனக்கு இந்தக் கதையெல்லாம் தெரியவந்தது இங்கிலாந்தில் இருக்கும் சித்தப்பாவால். பகலில் பஸ் திருத்தும் வேலை. மிச்ச நேரமும் மிச்சக் காசும் ஒரு பி.எஸ்.ஏ. கோல்ட் ஸ்ராருக்குப் போகும். 1950களின் இரண்டாம் பாதியில் வந்த டி.பி.டி. 34 மொடல், 500 சிசி, ஒற்றைச் சிலிண்டர். பழைய வண்டிகளுக்கென்றே நடக்கும் போட்டிகளில் வருசத்துக்கு மூன்று நான்கு தடவை ஓடுவார். வெல்லுவதில்லை. சின்னம்மா அந்த வண்டியை "உங்கட மூத்த தாரம்" என்றுதான் சொல்லுவா.

குழாயைப் புகை வெளியே போகிற வழி என்று மட்டும் பார்த்தால் இந்த ஆட்களின் தலையிடி விளங்காது. எக்சோஸ்ட் வால்வு திறந்தவுடன் ஒரு அழுத்த அலை குழாய் வழியே ஓடுகிறது. குழாய் வெளிக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் அது தலைகீழாக மாறி, உறிஞ்சுகிற அலையாகத் திரும்பி வருகிறது. உள்வால்வும் வெளிவால்வும் சேர்ந்தாற்போலச் சற்றே திறந்திருக்கும் ஒரு கணம் உண்டு. அலை அந்தக் கணத்தில் வந்து சேர்ந்தால் எரிந்த வாயுவை இழுத்து எடுத்து, பெற்றோல் கலந்த புதுக்காற்றையும் உள்ளே இழுத்துவிடும். நேரம் தப்பினால் எல்லாம் எதிர்மாறு. மெகாபோன் இந்த உறிஞ்சலைப் பலப்படுத்துகிறது. பதிலுக்கு, சுற்று குறைந்த இடங்களில் எஞ்சின் திக்கித் திணறும். அந்தத் திணறலுக்கு மெகாபோனைட்டிஸ் என்று ஒரு வருத்தத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்! கோல்ட் ஸ்ராரின் ரேஸ் கியர் பெட்டியில் முதலாம் கியரே மிக நீளமானது. மெதுவான வளைவில் இருந்து வெளியே வரும்போது கிளச்சைப் பாதி பிடித்தபடி சுற்றை மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே குழாயின் நீளம், விட்டம், கூம்பு எந்தளவு விரிய வேண்டும் என்பதெல்லாம் எஞ்சினின் ஒரு பகுதியைத் தெரிவுசெய்வது போலத்தான். அதன் முனையில் சைலன்சர் போடுவது என்றால் அலை திரும்பும் இடத்திலேயே கைவைப்பது. சித்தப்பா பின்னடித்ததற்குக் காரணம் அதுதான். ஒரு போட்டிக்கு முதல் நடந்த சத்தச் சோதனை அவருக்கு வேறு வழி விடவில்லை.

குழாய் வாயிலிருந்து 50 சென்ரிமீற்றர் தள்ளி, 45 பாகை சரிவில் மைக் வைப்பார்கள். எந்தச் சுற்றில் அளப்பது என்பதைப் பிஸ்டனின் சராசரி வேகத்தை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். செக்கனுக்கு 11 மீற்றர் என்று எடுத்தால், 88 மில்லிமீற்றர் ஓட்டமுள்ள கோல்ட் ஸ்ராருக்கு நிமிடத்துக்கு 3750 சுற்று வரும். அன்று எல்லை 105 டெசிபல். சித்தப்பாவின் மெகாபோன் காட்டியது 109. நாலு தானே என்று தோன்றும். ஆனால் டெசிபல் நேர்க்கணக்கு இல்லை. 3 கூடினாலே ஒலியின் சக்தி இரண்டு மடங்கு. அன்றைக்கு வண்டியை வானில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அதற்குக் கொஞ்ச நாள் முதல் அவர் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். நான் போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிப் போட்டேன். எஞ்சின் உறுமும்வரை அப்பம்மா பேசாமல்தான் இருந்தா. அவர் திரொட்டிலை மூடினார். எரியாமல் மிஞ்சிய பெற்றோல் சூடான குழாய்க்குள் பற்றி, ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. அப்பம்மா கதிரையை விட்டு எழும்பி, சுவரோடு போய் நின்றுவிட்டா. 2009இல் அவ வன்னியில் இருந்தவ. பிறகு சித்தப்பாவுக்குப் போன் எடுத்து ஒரேயொரு வசனம்தான் சொன்னா: "தம்பி, உந்தச் சத்தத்தை இனி எனக்கு அனுப்பாதை." சித்தப்பா கனநேரம் பேசவில்லை. 109 டெசிபலா, அம்மாவா அவருடைய மனதை மாற்றியது என்று நான் கேட்கவில்லை.

சைலன்சர் போட இரண்டு வழி. தடுப்புத் தகடுகளால் வாயுவைத் திருப்பித் திருப்பி விடலாம். சத்தம் குறையும், மூச்சும் அடைக்கும். மற்றது, துளைகள் நிறைந்த நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் அடைத்து வெளியே ஒரு கூடு போடுவது. வாயு தடையில்லாமல் போகும், சத்தத்தை நார் உறிஞ்சும். வெளிக்கூட்டை மெகாபோன் வடிவத்திலேயே செய்து விற்கிறார்கள். தூரத்தில் நின்று பார்த்தால் 1958 போலத்தான் இருக்கும். சித்தப்பா எடுத்தது அதுதான். நார் எரிந்தும் எண்ணெய் ஊறியும் பழுதாகும், அடிக்கடி மாற்ற வேண்டும். கார்பரேற்றரின் ஜெட்டையும் மாற்ற வேண்டி வந்தது. மறுமுறை 103 காட்டியது.

சத்தம் போனால் அது பழைய வண்டியே இல்லை என்பது அவருடைய கூட்டாளிகள் சிலரின் கட்சி. எனக்கு அது முழுக்க விசர்க்கதையாகத் தெரியவில்லை. அருங்காட்சியகத்தில் நிற்கிற வண்டியில் இல்லாதது அந்தச் சத்தம் மட்டும்தான். ஆனால் ஓடுபாதைக்குப் பக்கத்திலும் வீடுகள் இருக்கின்றன. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் மோட்டார் பந்தய மைதானம் ஒன்றுக்கு அருகில் 2006இல் வீடு வாங்கிய இருவர் சத்தத்துக்கு எதிராக வழக்குப் போட்டார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மைதானம் முதலே இருந்தது, நீதானே பிறகு வந்தாய் என்பது அந்த நாட்டுச் சட்டத்தில் போதுமான பதில் இல்லை. சித்தப்பாவின் கூட்டாளிகளுக்கு இந்தத் தீர்ப்பு அறவே பிடிக்காது. எனக்குப் பிடித்திருக்கிறது. சத்தம் போடுகிறவனுக்கு அது பாட்டு. கேட்கிறவர் அதை எங்கே முதல் கேட்டார் என்பது அவனுக்குத் தெரியாது.

சித்தப்பாவுக்கு இப்ப வலது காது கொஞ்சம் மந்தம். பழைய மெகாபோனை விற்கவில்லை, கராஜ் சுவரில் ஆணியடித்துக் கொழுவியிருக்கிறார். புதுக் குழாயில் 4500 சுற்றுக்குக் கிட்ட இன்னும் ஒரு திணறல் இருக்கிறதாம். முன்குழாயைக் கொஞ்சம் வெட்டிப் பார்க்கப் போகிறார். வெட்டினால் ஒட்டுவது கஷ்டம் என்றபடியால் மூன்று கிழமையாக அளந்துகொண்டிருக்கிறார்.