செம்பரம்பாக்கம் தாண்டி வேலூருக்கு

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் இடப்புறம் செம்பரம்பாக்கம் ஏரி. நிரம்பினால் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைவாசிகள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இதுதான். கரையேறிப் பாருங்கள், காற்று அபாரம்!

வேலூர் கிறிஸ்துவ ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குக் காற்று வாங்க ஏது மனம்? இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். காரின் பின் ஸீட்டில் அப்பாவின் தலையை மடியில் தாங்கி, வாய்க்குள் ஜெபித்தபடி போகும் மகளைக் கண்டால் எனக்கு ஐடா ஸ்கடரின் ஞாபகந்தான் வரும்.

தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் அமெரிக்காவிலிருந்து திண்டிவனம் வந்தவர் ஐடா. அம்மா தேறியதும் திரும்பிவிட வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஓர் இரவு, பிரசவ வேதனையில் தவித்த மூன்று பெண்களுக்காக அவரைத் தேடி வந்தார்கள். தகப்பனார் டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் தொடலாகாதாம்! ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. மூவரும் மாண்டார்கள். இரவெல்லாம் ஜெபித்த ஐடா, வைத்தியம் படிக்கக் கிளம்பினார்.

டாக்டராகி 1900-ல் திரும்பினார். அந்த ஆண்டே தகப்பனார் நோயுற்றுக் காலமானார். மகளின் படிப்பும் குடும்பத்தின் ஜெபமும் அவரைக் காப்பாற்றவில்லை. கேட்கவே மனம் கனக்கிறது, இல்லையா? ஐடாவோ ஜெபத்தையும் விடவில்லை, மருந்துப் பெட்டியையும் விடவில்லை. அதே ஆண்டு வேலூரில் ஒற்றைக் கட்டிலுடன் வைத்தியம் தொடங்கினார். 1902-ல் 40 படுக்கைகள். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. தாயார் பல ஆண்டுகள் மகளுடனேயே இருந்தார்.

அந்த ஆஸ்பத்திரிக்குள் ஒரு சிற்றாலயம் உண்டு. சீட்டு எடுத்துவிட்டு வந்து மண்டியிடுகிறவர்கள் உண்டு; மண்டியிட்டுவிட்டுச் சீட்டு எடுக்க ஓடுகிறவர்களும் உண்டு.