ரொட்டி மாவுல ஒரு கொரியா சூப்

கொரிய நாடகம் பார்க்க ஆரம்பிச்சா, அடுத்த ஆசை அவங்க சாப்பிடுறத சாப்பிட்டுப் பார்க்கிறதுதான். ஆனா கொச்சுஜாங் என்கிற மிளகாய்ப் பசை ஒரு போத்தல் வாங்க, ஒரு நாள் கொழுந்துச் சம்பளம் காணாது. அதனால வீட்டுச் சாமானிலேயே செய்யக்கூடிய கொரியச் சாப்பாடு ஏதாவது இருக்கா என்று அக்கா தங்கச்சி மூணு பேரும் தேடினோம். கிடைத்தது சுஜேபி.

கோதுமை மாவைப் பிசைந்து, கையால பிய்த்து, நெத்தலி கொதித்த தண்ணியில போடுவதுதான் சுஜேபி. மா எங்க வீட்டில எப்பவும் இருக்கும். கிழங்கும் லீக்ஸும் நுவரெலியா மண்ணிலேயே விளையுது. நெத்தலிக் கருவாடு ஹட்டன் டவுனில் வாங்கினோம்.

தேங்காய்ப்பூ சேர்க்காமல், உப்பு மட்டும் போட்டுப் பிசைந்து அரை மணித்தியாலம் மூடி வைத்தோம். நெத்தலியின் தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டுடணும், இல்லாட்டி கசக்கும். பத்து நிமிஷம் கொதிக்க வைத்து வடித்து, அந்தத் தண்ணியில மெல்லிசா அரிந்த கிழங்கைப் போட்டோம். கிழங்கு பாதி வெந்ததும் மாவை இழுத்து இழுத்துப் பிய்த்துப் போடணும். தடிப்பா விழுந்தா உள்ளே வேகாது. துண்டுகள் மிதந்து வந்தா பதம் சரி. கடைசியில பூண்டு, லீக்ஸ், கொஞ்சம் சோயா சோஸ்.

அம்மாயி எட்டிப் பார்த்தாங்க. "என்னாங்கடி, ரொட்டி மாவத் தண்ணியில போட்டுட்டு கொரியாங்கிறீங்க?" அப்புறம் கட்டச்சம்பல் கலந்து ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாங்க.

அவங்க சொன்னதில் உண்மை இருக்கு. முன்பு கொரியாவில் கோதுமை அரிது. சுஜேபி விசேஷத்துக்குச் செய்யும் பண்டம். 1950 முதல் 1953 வரை நடந்த போருக்குப் பிறகு அமெரிக்க உதவி மா வந்தது. அரிசி கிடைக்காத வீடுகளில் சுஜேபிதான் பசியை ஆத்தியது. 1963இல் அங்கே முதல் ராமென் பாக்கெட் வந்ததற்கும் அரிசித் தட்டுப்பாடு ஒரு காரணம். இங்கேயும் தோட்டத்தில் மா கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் கழித்த காலம் உண்டு. மலையேறுறவங்களுக்குப் பசி தாங்கட்டும் என்று லயத்து அடுப்பில் ரொட்டி வந்தது அப்படித்தான்.

இன்றைக்கு சோல் நகரத்தில் சுஜேபிக்கென்றே கடைகள் இருக்கு. கஷ்டகாலத்துச் சாப்பாடு என்று அவங்க அதை மறைக்கவில்லை. நாங்களோ, "தோட்டத்து ரொட்டி" என்ற கேலிக்குப் பயந்து, வகுப்பில் சாப்பாட்டுப் பெட்டி மூடியைப் பாதி திறந்தபடி சாப்பிட்டு வளர்ந்தோம்.

சுஜேபிக்கு அளவு சொல்ல ஆயிரம் வீடியோ இருக்கு. அம்மாயியின் ரொட்டிக்கு ஒரு துண்டுக் கடுதாசிகூட இல்லை. கேட்டா, "கையில அள்ளுறதுதான் அளவு" என்பாங்க. இந்த ஞாயிற்றுக்கிழமை அவங்க அள்ளிப் போடும் ஒவ்வொரு பிடியையும் கோப்பையில் அளந்து எழுதப்போறோம். உங்க வீட்டிலும் கேட்டு எழுதி வைங்க.