கல்லும் கயிறும்

சென்ற விடுமுறையிற் சாரண மாணவருடன் ஆற்றங்கரையொன்றிற் பாசறை அமைத்தோம். தறப்பாள் கட்டும் பொருள்களை மாணவனொருவன் நிறை பார்த்துச் சேர்த்திருந்தான். அலுமினிய முளையொன்று 15 கிராமுந் தேறாது. கயிறோ உள்ளங்கையில் அடங்கும்.

இரவு பெருமழை. காற்றின் வேகத்தில் தறப்பாளின் மூலை வளையம் பிய்ந்தது. பிள்ளைகள் திகைத்தனர். நாம் கூழாங்கல்லொன்றை மூலையில் வைத்துத் தறப்பாளாற் பொதிந்து, அதன் கழுத்திற் கயிற்றை இறுக்கினோம். இழுக்குந்தோறும் இறுகுங் கட்டு அது. மரத்திலிருந்து வருங் கயிற்றிற் கூரைக்கு வெளியே நூலொன்றையுந் தொங்கவிட்டோம். கயிறு வழி வந்த நீர் உள்ளே வராது நூல்வழி சொட்டிற்று.

"சேர், இதை எங்கே படித்தீர்கள்?" என்றான் அம்மாணவன்.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் விட்டுத் தென்மராட்சி சேர்ந்தோருள் நாமும் ஒருவர். அம்மாரியிலே தென்னந்தோப்பொன்றில், குரும்பட்டியுஞ் சேலைக் கிழிசலுங் கொண்டு எம் கூரையைக் காத்தவர் அம்மா. அவர் இன்றில்லை.

"அம்மாவிடம்" என்றோம். அவன் வேறொன்றுங் கேட்டிலன்.

காலையில், நிறை பார்த்துக் கட்டிய அவன் பொதியிற் கூழாங்கற்கள் நான்கு இருக்கக் கண்டோம்.