புகைக்கு பட்டன் எங்கே?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய ஒரு காலனியில், கோயில் திண்ணையில் உட்கார்ந்து, பதினெட்டுப் பேருடைய கைப்பேசியில் ஓர் ஆஸ்துமா ஆப்பை ஏற்றிக் கொடுத்தோம். ஏற்றிக் கொடுத்தது நாங்கள்தான். ஆகவே இந்தக் கதையில் எங்கள் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆப்பைச் செய்தது ஒரு சென்னை நிறுவனம், பெயர் வேண்டாம். சி.எஸ்.ஆர். பணத்தில் நடந்த திட்டம். களப்பணிக்கு ஆள் வேண்டும் என்று எங்கள் குழுவைக் கேட்டார்கள். அந்தத் தெருவில் 'வீசிங்' என்ற சொல் தெரியாத குழந்தை கிடையாது. பயன்படட்டும் என்று ஒப்புக்கொண்டோம்.

தினமும் காலையில் ஆப் எட்டுக் கேள்வி கேட்கும். ராத்திரி இருமலில் தூக்கம் கெட்டதா? நீல நிற பஃப் எத்தனை முறை அடித்தீர்கள்? வீட்டில் தரைவிரிப்பு உண்டா? நாய், பூனை வளர்க்கிறீர்களா? புகை பிடிப்பீர்களா?

"தரைவிரிப்புன்னா இன்னா?" என்றார் ஓர் அக்கா. கார்ப்பெட் என்றோம். "தரையே போன பொங்கலுக்குத்தான் போட்டோம்" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். கடைசிக் கேள்வியில் அவர் சிரிக்கவில்லை. "புகை பிடிப்பியான்னு கேக்குது. நான் எங்க பிடிக்கிறேன்? அதுதான் வந்து என்னப் பிடிக்குது. அதுக்கு பட்டன் எங்க?"

அந்த பட்டன் ஆப்பில் இல்லை. புகை என்றால் பீடி, சிகரெட் மட்டும்தான். பழைய இரும்பை உருக்கும் உலையும், டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் ஆலையும் அந்தச் சொல்லுக்குள் வரவே இல்லை.

ஆப்பே வீண் என்று சொல்லவில்லை. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கிறது. நீல பஃப் குழாயைச் சில மணி நேரத்துக்குத் திறந்துவிடும், வீக்கத்தைக் குறைக்காது. வீக்கம் குறைய ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தினமும் எடுக்க வேண்டும், இழுப்பு இல்லாத நாளிலும். நம் மக்களில் பலருக்குத் தெரிந்தது நீல பஃப் மட்டும்தான், அல்லது மூச்சு முட்டினால் கிளினிக்கில் போய் 'ஆவி வைத்துக்கொள்வது'. நிவாரண மருந்தை மட்டும் வைத்து ஓட்டுவது ஆபத்து என்று 'ஜினா' எனப்படும் உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆஸ்துமா மரணங்களிலோ 40 சதவீதத்துக்கு மேல் இங்கே. அதனால் மருந்தை நினைவூட்டும் கருவி சின்ன விஷயம் இல்லை. மூச்சை முழுக்க இழுத்து முடித்த பிறகு பஃப் அடித்து, மருந்தையெல்லாம் நாக்கிலேயே விட்டுக்கொண்டிருந்த ஒருவர், ஆப்பில் இருந்த வீடியோவைப் பார்த்து ஒரே நாளில் திருத்திக்கொண்டார். அதற்காக அந்த ஆப்பைச் செய்தவர்களுக்கு இன்றும் நன்றி சொல்வோம்.

சிக்கல் வாராந்திர மதிப்பெண்ணில் வந்தது. மருந்தைத் தவறவிட்டவர்களுக்குச் சிவப்பு முகம் ஒன்று உதட்டைப் பிதுக்கிக் காட்டும். எங்களுக்கு வரும் பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேராக 'ஒத்துழைப்பு குறைவு' என்றிருக்கும். நாங்களும் அதைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "ஏன்க்கா போடல? உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்?" என்று கேட்டோம். கிட்டத்தட்ட அதட்டினோம். ஒருவர் வீட்டில் கைப்பேசி மகனோடு வேலைக்குப் போய்விடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தாங்களே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் நாடு முழுக்க 54 சதவீதம்தான் என்று வகுப்பில் படித்தவர்கள்தான் நாங்கள். படித்தது அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை. இன்னொருவருக்கு மாதக் கடைசியில் இன்ஹேலர் வாங்கக் காசில்லை. இன்னொருவர், "மருந்து போட்டுட்டுத்தான் படுத்தேன். ராத்திரி அந்த நாத்தம் வந்துச்சு. அப்புறம் எந்த மருந்து நிக்கும்?" என்றார்.

வில்லியம் ரையன் 1971-ல் 'பிளேமிங் தி விக்டிம்' என்ற நூலை எழுதினார். அதில் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்கச் சேரிகளில் சுவரிலிருந்து உரியும் ஈயப் பெயின்டைத் தின்று குழந்தைகள் நோயுற்றபோது, பிள்ளையைக் கவனியுங்கள் என்று தாய்மார்களுக்குச் சுவரொட்டி ஒட்டினார்கள். சுவரைச் சரிசெய்யாத வீட்டுக்காரரை யாரும் கேட்கவில்லை. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர்கள், கையில் சிவப்பு முகத்தோடு அதே வேலையைச் செய்துகொண்டிருந்தோம்.

அடுப்புப் புகையும் கொசுவர்த்தியும் இழுப்பைத் தூண்டும், உண்மைதான். அவற்றைப் பற்றிப் பேசுகிறோம், இனியும் பேசுவோம். ஆனால் அவை நோயாளி தன் கையால் அணைக்கக்கூடியவை. கேள்விகள் அத்தனையும் அந்தப் பக்கமே நின்றால், அணைக்க முடியாத புகையை யார் கணக்கில் எழுதுவது?

காற்றின் தரமும் ஆப்பில் வரும் என்றார்கள், வந்தது. கும்மிடிப்பூண்டியில் அந்தோணிப்பிள்ளை நகரில் ஒரு கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. அதன் எண்ணை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பிலும் பார்க்கலாம். நள்ளிரவு தாண்டி மூக்கைப் பொத்திக்கொண்டு பிள்ளைகளை எழுப்பி உட்காரவைத்த மறுநாள் காலை, ஆப் பச்சை நிறத்தில் 'திருப்திகரம்' என்றது. பொய் சொல்லவில்லை அது. காற்றுத் தரக் குறியீட்டில் தூசித் துகளுக்கு 24 மணி நேரச் சராசரிதான் கணக்கு. ஒன்றரை மணி நேரம் ஊரை மூச்சுத் திணறடித்த புகை, மீதி இருபத்திரண்டரை மணி நேரத்தில் கரைந்துவிடும். தவிர, குறியீடு கணக்கில் எடுப்பது எட்டு மாசுகளைத்தான். டயரைக் காய்ச்சும்போது வரும் ஆவியில் உள்ள பென்சீன் போன்றவை அந்த எட்டில் இல்லை.

அப்போதுதான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். தேதி, மணி, என்ன நாற்றம், எந்தப் பக்கத்துக் காற்று, வீட்டில் யாருக்கு இழுப்பு, எத்தனை பஃப். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமத்து மக்கள் 2004-லேயே நாற்றத்தைத் தேதி போட்டு எழுதிவைத்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் ஒரு பையைப் பொருத்தி, நாற்றம் வரும் நேரத்துக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். "இங்கே ஏதோ நாறுகிறது" என்ற புகாரை, "இன்ன நாள் இன்ன மணிக்கு இன்ன வேதிப்பொருள்" என்று மாற்றியது அந்த வாளி.

பார்சிலோனா கதை இன்னும் அழுத்தமானது. 1981 முதல் 1987 வரை அந்தத் துறைமுக நகரத்தில் 26 முறை, சில மணி நேரத்துக்குள் ஏராளமானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். சிலர் இறந்தும் போனார்கள். யார், எந்த மணிக்கு, எந்தப் பகுதியிலிருந்து வந்தார்கள் என்ற பதிவேட்டைத் துறைமுகச் சரக்குப் பதிவேட்டோடு வைத்துப் பார்த்தபோது, அவை கப்பலில் இருந்து சோயா மொச்சை இறக்கிய நாட்கள் என்று தெரிந்தது. தானியக் கிடங்கில் தூசி வடிகட்டி இல்லை. வடிகட்டி போட்டார்கள், கொள்ளைநோய் போல வந்தது நின்றது. ஒவ்வொரு நோயாளியையும் "மருந்து ஒழுங்காகப் போட்டாயா" என்று மட்டும் கேட்டிருந்தால் அந்தக் கிடங்கு கண்ணில் பட்டிருக்காது.

கைப்பேசியிலும் இது முடியும். அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இன்ஹேலரில் சிறு சென்சார் பொருத்தி, எங்கே, எப்போது அடிக்கிறார்கள் என்று வரைபடமாக்கினார்கள். லாரிகள் எந்தப் பாதையில் போக வேண்டும், எங்கே மரம் நட வேண்டும் என்ற பரிந்துரைகள் அதிலிருந்து வந்தன.

இதைப் படித்த உற்சாகத்தில், நம் ஆப்பிலும் இடத்தைப் பதிவு செய்யலாமே என்று நாங்களே கேட்டோம். அந்த வாரம்தான் அது நடந்தது.

'பட்டன் எங்க' என்று கேட்ட அக்கா, ஓர் ஆலையில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்க்கிறார். சாம்பலும் தூசும் கூட்டி அள்ளும் அந்த வேலைக்குக் காலனி ஆட்களைத்தான் எடுப்பார்கள், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது மணிக்கு அவர் பையில் இருந்த கைப்பேசி சத்தமாக, "இன்று ஆஸ்துமா மருந்து எடுத்துக்கொண்டீர்களா?" என்று கேட்டது. பக்கத்தில் சூப்பர்வைசர். மறுநாளிலிருந்து வேலை இல்லை. வீசிங் ஆளை வைத்துக்கொண்டு நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்றாராம். ஐந்து நாள் கூலி போனது. பஃப்பைப் புடவைத் தலைப்பில் முடிந்து, கழிப்பறையில் போய் அடித்து, இரண்டு வருடமாக அவர் மறைத்துவந்த விஷயம் அது. ஐந்தாம் நாள் எங்களிடம் வந்து, "இத எடுத்துடுங்க" என்று கைப்பேசியை நீட்டினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

அன்று இரவு ஆப்பின் சம்மதப் பக்கத்தை முதல்முறையாக முழுதாகப் படித்தோம். ஆங்கிலத்தில் பதினோரு பக்கம். 'நிதி வழங்கும் பங்குதாரர்களுடன்' தரவைப் பகிரலாம் என்று ஒரு வரி. பதினெட்டுப் பேருக்கும் 'சம்மதிக்கிறேன்' பட்டனை அழுத்தியது எங்கள் விரல். 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், எதற்குத் தரவு எடுக்கிறார்கள் என்பதைப் புரிந்து கொடுக்கும் சம்மதமே சம்மதம் என்கிறது. நாங்கள் வாங்கியது அது இல்லை. இடத்தைப் பதிவு செய்வது பற்றியும் மறுபடி யோசித்தோம். அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. ஆனால் ஜி.பி.எஸ். புள்ளி அங்கேயேதான் நிற்கும். இந்தப் பக்கம் புள்ளி இருந்தால் என்ன சாதி என்பது சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். சாதியும் நோயும் சேர்ந்த ஒரு பட்டியல், ஆள் எடுக்கிறவர் கையில் போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டுமா?

நிறுவனத்துக்கு எழுதினோம். நினைவூட்டல் சத்தமில்லாமல் வரும்படி மாற்றினார்கள், சிவப்பு முகத்தை எடுத்தார்கள். நாற்றத்துக்கு பட்டன் கேட்டதற்கு, அது மருத்துவத் தரவு இல்லை என்று பதில் வந்தது. திட்டத்திலிருந்து விலகினோம். ஆப்பை வைத்துக்கொள்ள விரும்பிய ஏழு பேர் வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் முடிவு.

நோட்டு தொடர்கிறது, இப்போது மூன்றாவது. அது காலனிப் பெண்கள் குழுவிடம்தான் இருக்கும். நாங்களே பார்க்க வேண்டுமென்றாலும் அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். வெளியே மனுவாகப் போகும்போது பெயர் போகாது, தேதியும் மணியும் காற்றின் திசையும் எண்ணிக்கையும் மட்டும் போகும். அந்த அக்காவுக்கு வேறோர் ஒப்பந்தக்காரரிடம் வேலை கிடைத்துவிட்டது, கூலி கொஞ்சம் குறைவு. நோட்டில் அதிகம் எழுதியிருப்பது அவர் மகள், பத்தாம் வகுப்பு.

படிக்கிறவர்களில் ஆப் செய்யத் தெரிந்த மாணவர்கள் இருப்பீர்கள். எங்களுக்கு வேண்டியது இவ்வளவுதான்: தமிழில் குரலால் பதிவு, நெட் இல்லாமலும் ஓட வேண்டும், ஒரே கைப்பேசியை நாலு பேர் பயன்படுத்தலாம், பெயர் வேண்டாம், தெருவுக்கு மேல் துல்லியமான இடம் வேண்டாம், தரவு யாருடைய சர்வருக்கும் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் பெண்கள் வேலை முடித்து உட்கார்ந்திருப்பார்கள். லேப்டாப்பைத் திறப்பதற்கு முன் அந்த நோட்டை ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள்.