பக்கம் வந்துவிட்டதா?

செஞ்சியில் ரைஸ் மில், லாட்ஜ், கல்யாண மண்டபம் என்று வெப்சைட் செய்துகொடுப்பது என் தொழில். வேலை கற்க வரும் பிள்ளைகளிடம் முதலில் ஒன்று கேட்பேன்: பக்கம் வந்து சேர்ந்தது உன் ஸ்கிரிப்ட்டுக்கு எப்படித் தெரியும்? ‘ஆன்லோட்’ என்பார்கள்.

ஆன்லோட் கடைசிப் படம் இறங்கும்வரை நிற்கும். ராஜகிரிக் கோட்டையின் பெரிய படங்களை வரிசையாகப் போட்ட லாட்ஜ் பக்கத்தில், மலையடிவாரத்தில் சிக்னல் குறைந்து நிற்கும் பயணி தேதியைத் தொட்டால் காலண்டர் திறக்காது. காலண்டரைத் திறக்க டாம்கன்டென்ட்லோடட் என்ற ஈவென்ட் போதும். எச்டிஎம்எல் முழுக்கப் படிக்கப்பட்டு, டிஃபர் போட்ட ஸ்கிரிப்ட்டுகள் ஓடியதும் வந்துவிடும், படங்களுக்காகக் காத்திருக்காது.

எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணன் பாண்டிச்சேரிக்காரர், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் (ஐஇ) 6 காலத்து ஆள். ஐஇ 8 வரை டாம்கன்டென்ட்லோடட் கிடையாது. ஆட்ஈவென்ட்லிசனரும் இல்லை, அட்டாச்ஈவென்ட்தான். டியேகோ பெரினி என்பவர் 2007இல் ஒரு வழி காட்டினார். டூஸ்க்ரோலைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழை வந்தால் பக்கம் தயாரில்லை, சற்றுப் பொறுத்து மறுபடி கூப்பிட வேண்டும். பிழை நின்றால் தயார். ஜேகுவரி லைப்ரரியின் ‘ரெடி’க்குள் அந்த வித்தை இருந்ததை அண்ணன் வரிவரியாகத் திறந்து காட்டினார். 2011இல் ஐஇ 9 வந்தபின் அதற்குத் தேவை குறைந்தது. அவர் சொன்னதுமட்டும் கையில் ஊறிவிட்டது: “பிரவுசர் பேரைக் கேக்காத தம்பி, அதால என்ன முடியும்னு கேளு.”

“சில நேரம் ஓடுது, சில நேரம் ஓடலை அண்ணே” என்று ஒரு பையன் வந்து நின்றான். ஸ்கிரிப்ட்டுக்கு அசிங்க் போட்டிருந்தான். அது தாமதமாக இறங்கும்போது டாம்கன்டென்ட்லோடட் ஏற்கெனவே போயிருக்கும்; போன ஈவென்ட் திரும்ப வராது. நெட்வொர்க் டேபில் வேகத்தைக் குறைத்து அவனையே பார்க்கச் சொன்னேன். முதலில் ரெடிஸ்டேட்டைக் கேட்க வேண்டும். ‘லோடிங்’ என்றால் லிசனரைப் போடு; இல்லையென்றால் வேலையை உடனே தொடங்கு. விண்டோ.ஆன்லோடுக்கு நேரடியாக ஃபங்ஷனைக் கொடுக்கவும் விடமாட்டேன். பின்னால் வரும் ஸ்கிரிப்ட் அதையே செய்தால் முன்னது அழிந்துபோகும்.

மில் பக்கத்தில் அன்றைய நெல் விலை இருக்கும். வியாபாரி வேறு பக்கம் போய் பேக் பட்டனை அழுத்தித் திரும்பினால் ஐபோனில் பழைய விலையே நிற்கும்; 2021க்கு முன் எங்கள் டெஸ்க்டாப் குரோமில் சரியாக வந்தது. ஐபோனின் சஃபாரி பக்கத்தை அப்படியே நினைவகத்தில் நிறுத்திவைத்துத் திருப்பித் தரும். அப்போது லோட் மறுபடி அடிக்காது. ஃபயர்பாக்ஸ் 2005லேயே இதைச் செய்தது, டெஸ்க்டாப் குரோம் 2021இல்தான் செய்யத் தொடங்கியது. பேஜ்ஷோவில் காதை வைத்து, பெர்சிஸ்டட் ‘ட்ரூ’ என்றால் விலையை மறுபடி வாங்கிப் போட வேண்டும். மார்க்கெட் கமிட்டிக்கு மூட்டை ஏற்றுகிறவர் அந்த எண்ணை நம்பித்தான் முடிவெடுக்கிறார்.

தமிழ்ப் பக்கத்துக்கு இன்னொரு சோதனை உண்டு. மண்டபத்தின் நீளமான பெயரைச் சிஸ்டம் எழுத்துருவில் அளந்து பெட்டியின் உயரத்தை வைத்துவிட்டால், பிறகு நோட்டோ சான்ஸ் தமிழ் இறங்கியதும் எழுத்து அகன்று இரண்டாவது வரிக்குத் தாவும். கீழிருக்கும் முன்பதிவு பட்டன் மறைந்துவிடும். இங்கே டாம்கன்டென்ட்லோடடை நம்பக் கூடாது. டாக்குமென்ட்.ஃபான்ட்ஸ்.ரெடி முடிந்தபின் அளவெடு. பழைய போன் ஒன்றில் கேஷை அழித்துவிட்டு, பெயர் ஒரே வரியில் நிற்கிறதா என்று பார்த்த பிறகு என்னிடம் கொண்டு வா.