என்பில் ஓடும் குருதி

மெலிந்தவரை ‘எலும்பும் தோலுமாய்’ இருக்கின்றார் என்பது நம் வழக்கு. எலும்பு என்றதும் உலர்ந்த, உயிரற்ற பொருளே நம் நினைவில் எழுகின்றது. சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்றாதுக்களிலும் செந்நீர் வேறு, என்பு வேறு. ஆயினும் என்பினுள்ளும் செந்நீர் ஓடுகின்றது. 1691ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ் விவரித்த எலும்பின் நுண்குழல்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் எம் தாயார் வழுக்கி விழுந்ததில் தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. திருகாணியிட்டுப் பொருத்துவதா, பந்து போன்ற தலைப்பகுதியை அகற்றிச் செயற்கைப் பந்து வைப்பதா என்னும் வினா எழுந்தது. “முறிவை எக்ஸ்ரே காட்டும், தலைப்பகுதிக்குக் குருதி போகின்றதா என்பதைக் காட்டாது” என்றார் மருத்துவர். கழுத்தை ஒட்டிச் செல்லும் குழாய்கள் அறுபட்டால், அப்பகுதி மடிந்து நாளடைவில் நொறுங்கிவிடுமாம். கேட்டிருந்த தாயார், “எலும்புக்குள்ள ரத்தம் ஏது வாப்பா?” என்றார்கள். முடிவில் வயதையும் எலும்பு விலகியிருந்த அளவையும் கொண்டு உய்த்துணர்ந்தே செயற்கைப் பந்து பொருத்தினர். குருதியை அளந்து அன்று.

அளத்தல் ஏன் அரிது எனப் பின்னர்த் தேடிப் படித்தோம். குருதி ஓட்டம் வேறு. குருதிக் கொள்ளளவு வேறு. வாய்க்காலில் ஒரு நிமிடத்தில் பாயும் நீர் முன்னது. குளத்தில் நிற்கும் நீர் பின்னது. குளம் நிறைந்திருப்பதனாலேயே வாய்க்கால் ஓடுகின்றதெனக் கொள்ளலாகாது. எலும்புக்கோ பல வாய்க்கால்கள். யாவும் கடினமான ஓட்டைத் துளைத்து நுழைபவை.

விலங்காய்வில், ஏறத்தாழ 15 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள கதிரியக்க மணிகளை இதயத்தின் இடக் கீழறையில் செலுத்துவர். அவை தந்துகிகளில் சிக்கி நிற்கும். எலும்பில் தங்கிய கதிரியக்கத்தை, தமனியிலிருந்து குறித்த வேகத்தில் எடுத்த குருதியின் கதிரியக்கத்தோடு ஒப்பிட, ஓட்டத்தின் அளவு கிடைக்கும். கொள்ளளவை அறிய, குழாயை விட்டு வெளியேறாத சிவப்பணுக்களுக்கு அடையாளமிடுவர். மனிதரிடத்தே ஆக்சிஜன்-15 கலந்த நீரை ஏற்றிப் பெட் கருவியால் ஓட்டத்தை அளக்கின்றனர். அதன் அரை ஆயுள் இரண்டே நிமிடம். அதை உண்டாக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருத்தல் வேண்டும். ஆதலின் எல்லா மருத்துவமனைக்கும் இஃது எட்டுவதில்லை.

வடிவத்தைக் காண்பது எளிது. உள்ளோடும் உயிர்ப்பை அளப்பதே அரிது. அவ்வரிய செய்தியையும் ஒரு தாய் கேட்டால் விளங்கும் தமிழில் எழுதும் கடமை நம் மாணவச் செல்வங்களைச் சார்ந்தது.