பிக்கப்பு வந்திருச்சா?

தமிழ்ல அதிகமா பொழங்குற இங்கிலீஷ் வார்த்தை எதுன்னு ஒரு போட்டி வச்சா, என் ஓட்டு 'பிக்கப்'புக்குத்தான். ஆபீஸ் கேப் டிரைவர் "சார், பிக்கப் ஆறரைக்கு"ங்கறார். பைக் வாங்கப் போனா மைலேஜுக்கு அடுத்தபடியா பிக்கப் எப்படின்னு விசாரிக்கறோம். "கடை இப்பத்தான் பிக்கப் ஆகுது"ங்கறார் மளிகைக்கடைக்காரர். முதல் பாதி சுமாரான படம் இடைவேளைக்கப்புறம் பிக்கப் ஆகுது. காலேஜ் பசங்க அகராதில இன்னொரு அர்த்தமும் இருக்கு, அதை நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியணும்னு இல்ல :-)

இலக்கணத்துல இதுக்குப் பேரு ஃப்ரேசல் வெர்ப். ஒரு வினைச்சொல், அதுக்கு வால் மாதிரி அப், அவுட், ஆஃப்னு ஒரு குட்டிச் சொல். 'பிக்'னா பொறுக்கு, பறி. 'அப்'னா மேலே. ரெண்டையும் கூட்டினா வியாபாரம் சூடு பிடிக்கிறதுன்னு எந்தக் கணக்குல வருது?

ஆடி மாசம் காலேஜ் நண்பன் ஒருத்தனோட ஊருக்குப் போயிருந்தேன். கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்துலேருந்து மேல ஏற 70 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவுலயும் பஸ் முக்கி முனகி ஏற, பக்கத்து சீட்டுப் பெரியவர் "இந்த வண்டில பிக்கப்பே இல்லீங்க"ன்னு அலுத்துக்கிட்டார். ஆஹா, இங்கயுமா!

வீட்ல நண்பனோட ஆயா. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்ல. (இவங்க மலையாளி சமூகம். கேரளா இல்லீங்க, மலையில வாழுறவங்கங்கற அர்த்தத்துல. பேசறது தமிழ்தான்.) வாசல்ல பலாப்பழத்தைக் குவிச்சு வச்சுட்டு "பிக்கப்பு வந்திருச்சா பாரு, ஏத்தணும்"னாங்க. பத்து நிமிஷம் கழிச்சு, "மழை புடிச்சுதுன்னா மொளகுக் கொடி பிக்கப்பாயிரும்." ரெண்டு வாக்கியம், ரெண்டு அர்த்தம். ஆயாவுக்கு எந்தக் குழப்பமும் இல்ல.

குழப்பமெல்லாம் பேத்திக்குத்தான். நண்பனோட தங்கச்சி, பிளஸ் டூ முடிச்சிருந்தா, தமிழ் மீடியம், நல்ல மார்க். நர்சிங் படிக்க ஆசை. அப்ளிகேஷன் வாங்கி வச்சு ரெண்டு வாரமா தொடவே இல்ல. "அங்க எல்லாமே இங்கிலீஷ்ல நடத்துவாங்களாம்ணா. எனக்கு வராது. வேணாம்னுட்டேன்."

அவ படிச்ச கைடைப் பார்த்தேன். நாப்பது ஃப்ரேசல் வெர்ப், எதிர்ல நாப்பது தமிழ் அர்த்தம், ஒண்ணுக்குக் கூட ஒரு வாக்கியம் கிடையாது. இதுக்கு டெலிபோன் டைரக்டரியை மனப்பாடம் பண்ணலாம்.

"பிக் அப்னா என்ன பாப்பா?"

"பொறுக்கி எடுத்தல்." பரீட்சைக் குரல்.

"காலைல ஆயா பிக்கப்புன்னாங்களே?"

"அது வண்டிண்ணா."

"மொளகுக் கொடி பிக்கப்பாயிரும்னாங்களே?"

ஒரு நிமிஷம் முழிச்சா. அப்புறம் சிரிச்சா பாருங்க, உள்ளேருந்து ஆயா எட்டிப் பார்த்தாங்க.

அப்புறம் ஒரு மணி நேரம் அதே வேலை. 'பிக் அப்' வர்ற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நாம தமிழ்ல என்ன சொல்றோம்னு பார்த்தோம். போனை எடு. வண்டி வேகம் எடுக்குது. "எல்லாம் நம்ம 'எடு'தானேண்ணா?"ன்னு கண்டுபிடிச்சது அவதான். யோசிச்சா பசி எடுக்குது, வாந்தி எடுக்கறோம், போட்டோ எடுக்கறோம், மார்க் எடுக்கறோம். வெளிநாட்டுக்காரன் தமிழ் கத்துக்க வந்தா இந்த 'எடு'வைப் பார்த்தே ஓடிடுவான். எல்லாத்துக்கும் அது செட் ஆகாது. ஆளை பிக் அப் பண்றது கூட்டிட்டு வர்றது. பாஷையை பிக் அப் பண்றது, வாத்தியார் இல்லாம காதுல விழுந்து விழுந்தே ஒட்டிக்கறது. அவ அண்ணன் ஹாஸ்டல்ல இங்கிலீஷ் பிடிச்சது அப்படித்தான்.

ஒரே ஒரு இடத்துல தடுக்குச்சு. நாம பிக்கப்பை ஒரே சொல்லா ஒட்டிட்டு, பின்னாடி பண்ணு, ஆகுன்னு போட்டுக்கறோம். அவங்க அதைப் பிரிப்பாங்க. 'பிக் அப் த போன்' சரி, 'பிக் த போன் அப்' அதுவும் சரி. ஆனா மீ, இட் மாதிரி பொடிச் சொல் வந்தா நடுவுலதான் வரணும். 'பிக் மீ அப்'. 'பிக் அப் மீ' தப்பு. பைக்ல அப்பா, அம்மா, நடுவுல குழந்தை, அவ்வளவுதான்னேன். பின்னாடி உட்கார்ந்தா விழுந்துடும்ல! டக்குனு புரிஞ்சுது.

நோட்டுல அவளே எழுதினது: 'மை பிரதர் வில் பிக் மீ அப் அட் செம்மேடு.' 'அவர் பஸ் கெனாட் பிக் அப் ஸ்பீட் ஆன் த பெண்ட்ஸ்.' 'த பேபி இஸ் கிரையிங். த நர்ஸ் பிக்ஸ் இட் அப்.' கடைசி வாக்கியம் நான் சொல்லிக் குடுத்ததில்ல.

ராத்திரி சாப்பிடும்போது திடீர்னு, "பிக்கப் ட்ராப்னு சொல்றோமே, அவங்களும் ட்ராப்னுதான் சொல்வாங்களாண்ணா?" ட்ராப் ஆஃப்னு சொல்வாங்கன்னேன். "அதுல எதுக்கு ஆஃப்? இறக்கி விடறப்ப என்ஜினை நிறுத்திருவாங்களா?"ன்னா. எனக்கும் விக்கல், நண்பனுக்கும் விக்கல்.

மறுநாள் நாங்க கிளம்பறப்ப அப்ளிகேஷனை அண்ணன்கிட்ட நீட்டினா. முழுசா நிரப்பியிருந்தது. பள்ளில படிச்ச மொழிங்கற கட்டத்துல, இங்கிலீஷ் எழுத்துல, 'தமிழ்'னு பெருசாப் போட்டிருந்தா.